ஓஎல்இடி மானிட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் அறையைப் பாருங்கள்

போன மாதம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து அக்கா பையன் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். ஒரு கேமிங் மானிட்டரின் விவரப் பட்டியல். 27 இன்ச், ஓஎல்இடி, 240 ஹெர்ட்ஸ், 0.03 எம்எஸ், 1000 நிட்ஸ், கான்ட்ராஸ்ட் 15 லட்சத்துக்கு ஒன்று. கீழே ஒரே வரி: "மாமா, இது வாங்கலாமுங்களா?"

விலையைப் பார்த்தேன். நல்ல நிலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் எடுத்துவிடலாம். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறவன். விடுமுறை நாட்களில் வேலை செய்து சேர்த்த காசு. சும்மா "வாங்கு", "வேண்டாம்" என்று சொல்ல மனம் வரவில்லை. நான் திருப்பூரில் பனியன் பிரிண்ட் டிசைன் செய்கிறவன். பகலெல்லாம் கலர் செப்பரேஷன், ராத்திரி பத்து மணிக்கு மேல் கேம். இரண்டு வருடமாக ராத்திரிகளில் ஓஎல்இடி திரை முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். முன்பின் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குகிறேன்.

மாரியம்மன் கோயில் நோம்பிக்கு சீரியல் லைட் கட்டுவார்களே, உயரமான சட்டத்தில் நூற்றுக்கணக்கான குட்டி பல்புகளை வைத்து அம்மன் உருவம் செய்வார்கள். அம்மனின் கருவிழி வர வேண்டிய இடத்தில் என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. அங்கே பல்பு எரியாது, அவ்வளவுதான். பின்னால் இருக்கும் ராத்திரி இருட்டே கருவிழி ஆகிவிடுகிறது. ஓஎல்இடி திரை இதுதான். ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் ஒரு விளக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அந்த விளக்கு அணைந்துவிடும்.

நாம் இதுவரை பயன்படுத்திவரும் எல்சிடி வேறு ஜாதி. கடை வாசலில் உள்ளே டியூப்லைட் போட்டு முன்னால் பிளெக்ஸ் இழுத்துக் கட்டிய போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வெளிச்சம் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் கதவு மாதிரி திறந்து மூடி, எவ்வளவு ஒளியை விடுவது என்று பார்த்துக்கொள்ளும். கதவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்கில் கொஞ்சம் கசியும். அதனால்தான் இருட்டு அறையில் எல்சிடி திரையின் கறுப்பு சாம்பல் மாதிரி தெரிகிறது. வழக்கமான ஐபிஎஸ் வகை எல்சிடி திரையில் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்குமான விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். வெள்ளை 300 நிட்ஸ் என்றால் கறுப்பு 0.3 நிட்ஸ். நிட்ஸ் என்பது திரை எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதற்கான அளவு.

இந்தத் தொழில்நுட்பம் புதிதும் அல்ல. கோடாக் நிறுவனத்தில் வேலை செய்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987லேயே இதன் நடைமுறை வடிவத்தை வெளியிட்டுவிட்டார்கள். போனுக்கும் டிவிக்கும் வந்து, கேமிங் மானிட்டராக நம் மேசைக்கு வந்து சேர 2022 ஆகிவிட்டது. பெட்டியில் எந்த பிராண்டு பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் இரண்டு இடத்திலிருந்துதான் வருகிறது. எல்ஜி டிஸ்ப்ளே செய்வது டபிள்யூஓஎல்இடி. சாம்சங் டிஸ்ப்ளே செய்வது க்யூடி ஓஎல்இடி. முதலாவதில் வெள்ளை ஒளியை உண்டாக்கி வண்ண வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். இரண்டாவதில் நீல ஒளியை உண்டாக்கி, குவாண்டம் டாட் என்னும் நுண்துகள்களால் அதைச் சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றுகிறார்கள். எந்த வகை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

சரி, 15 லட்சத்துக்கு ஒன்றுக்கு வருவோம். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது இருட்டறையில் எடுத்த அளவு. மாப்பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வியே, "உன் ரூமில் லைட் எங்க இருக்கு?" என்பதுதான்.

"தலைக்கு மேலேயே டியூப்லைட்டுங்க மாமா. பக்கத்துல மேற்க பாத்த ஜன்னலு."

ஒரு சின்னக் கணக்கு போடலாம். வீட்டு அறையில் மேசைமேல் 100 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வையுங்கள், அது சாதாரண வெளிச்சம்தான். திரை அதில் வெறும் ஒரு சதவீதத்தைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது என்றும் வையுங்கள். நம் கண்ணுக்கு வரும் அந்தப் பிரதிபலிப்பு சுமார் 0.3 நிட்ஸ். அதாவது பிக்சல் முழுக்க அணைந்திருந்தாலும் கறுப்பு 0.3 நிட்ஸாகத்தான் தெரியும். வெள்ளை 250 நிட்ஸ் என்றால், 15 லட்சம் என்று பெட்டியில் போட்டிருந்த கான்ட்ராஸ்ட் எண்ணூற்றுச் சொச்சத்தில் வந்து நிற்கிறது. அதே அறையில் எல்சிடிக்கும் இதே பிரதிபலிப்பு உண்டு, அதன் கசிவோடு இதுவும் சேர்ந்து 500 வரை இறங்கிவிடும். ஆக ஓஎல்இடிதான் அப்போதும் மேல். ஆனால் லட்சக்கணக்கில் இருந்த வித்தியாசம் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்தக் கறுப்புக்குத்தான். டியூப்லைட்டும் மேற்கு ஜன்னலும் அதைத் தினமும் சாயங்காலம் கரைத்துக்கொண்டிருக்கும்.

முன்பு கேட்டு வைத்த பேனல் வகை இங்கேதான் வேலைக்கு வருகிறது. க்யூடி ஓஎல்இடியில் போலரைசர் என்னும் படலம் கிடையாது. வெளிச்சம் விழும்போது அதன் கறுப்பு லேசாக ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். நம் ஊர் இருண்ட ஊதாச் சேலையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் தெரியும் நிறம் மாதிரி. விளக்கை அணைத்தால் அது போய்விடும். டபிள்யூஓஎல்இடி வெளிச்சத்தில் கறுப்பை இதைவிட நன்றாகப் பிடித்து வைக்கும். அதேசமயம் கண்ணைப் பறிக்கும் பிரகாசமான வண்ணங்களில், சிவப்பு பச்சையின் அடர்த்தியில், க்யூடி ஓஎல்இடிதான் ஒரு படி மேலே. மேல்பூச்சும் இரண்டு விதம். மேட் பூச்சு ஜன்னலின் பிம்பத்தைக் கலைத்துவிடும், ஆனால் கறுப்பைக் கொஞ்சம் வெளிறச் செய்யும். கிளாஸி பூச்சு கண்ணாடி மாதிரி. படம் தெளிவு, கூடவே நம் சட்டைப் பொத்தானும் தெரியும். இருட்டில் விளையாடுகிற எனக்கு கிளாஸிதான் பிடிக்கும். பகலில் ஹாலில் வைத்து விளையாடுகிறவர் என்றால் யோசிக்க வேண்டும்.

கடையில் இதை எப்படிப் பார்ப்பது? கோவையில் பெரிய கடைகளில் போய் நின்றால் மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள், திரையில் மீனும் பூவும் ஓடும் வீடியோ. அந்த வெளிச்சத்தில் எல்லா மானிட்டரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். நான் செய்வது இது. போனில் ஒரு முழுக் கறுப்புப் படத்தை வைத்துக்கொண்டு போவேன். கடைக்காரரிடம் கேட்டு அதைத் திரையில் போடச் சொல்வேன். பிறகு இரண்டு கையையும் குழல் மாதிரி குவித்து, பூட்டிய வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்போமே அப்படி, திரையில் ஒட்டி வைத்துப் பார்ப்பேன். கைக்குள் இருக்கும் கறுப்பு வீட்டில் விளக்கணைத்தால் கிடைப்பது. கைக்கு வெளியே தெரியும் கறுப்பு வீட்டில் விளக்கு எரியும்போது கிடைப்பது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்து வேகம். கேம் விளையாடுகிறவர்கள் ஓஎல்இடியின்மேல் உயிரை விடுவதற்குக் கறுப்பு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

திரையில் ஒரு பொருள் ஓடும்போது மங்கலாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பலரும் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம். எல்சிடியில் அந்தப் படிகக் கதவுகள் திரும்பச் சில மில்லி செகண்டுகள் ஆகும். இருட்டான காட்சிகளில் சில திரைகளில் இன்னும் அதிகம், ஓடும் ஆளுக்குப் பின்னால் கரிய வால் இழுக்கும். ஓஎல்இடியில் கதவே இல்லை, விளக்கு எரிகிறது, அணைகிறது. 0.03 எம்எஸ், அதாவது மில்லி செகண்டு, என்று போடுவது அதைத்தான். 0.03ஆ 0.1ஆ என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒன்றுதான். இந்த எண்ணை வைத்து ஓர் ஓஎல்இடியை இன்னோர் ஓஎல்இடியோடு ஒப்பிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் நம் கண். திரை ஒரு ஃபிரேமை, அதாவது ஓடும் காட்சியின் ஒரு தனிப் படத்தை, காட்டிவிட்டு அடுத்தது வரும்வரை அதையே அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. நம் கண்ணோ ஓடும் பொருளைத் துரத்திக்கொண்டு நகர்ந்தபடியே இருக்கிறது. நின்ற படம், நகரும் கண். அதனால் படம் விழித்திரையில் இழுபடுகிறது. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு செகண்டில் எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதற்கான எண். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லி செகண்டு நிற்கும், 240 ஹெர்ட்ஸில் 4.2. திரையில் ஒரு செகண்டுக்கு 960 பிக்சல் தூரம் ஓடும் ஒரு பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120இல் 8, 240இல் 4, 480இல் 2. இதை ஓஎல்இடியாலும் தவிர்க்க முடியாது. 60 ஹெர்ட்ஸில் ஓடும் ஓஎல்இடியும் மங்கலாகத்தான் தெரியும்.

இங்கேதான் மாப்பிள்ளைக்கு இன்னொரு கேள்வி. "உன் கம்ப்யூட்டர்ல கேம் எத்தனை ஃபிரேம் ஓடுது?"

"பெரிய கேம்னா எழுபது, எண்பதுங்க மாமா."

240 ஹெர்ட்ஸ் திரைக்குச் செகண்டுக்கு 80 ஃபிரேம் கொடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் 12.5 மில்லி செகண்டு நிற்கும். மங்கலும் அதற்கேற்றபடிதான். அவன் விளையாடும் துப்பாக்கிச் சண்டை கேம்கள் லேசானவை, அவற்றில் 200ஐத் தாண்டும், அங்கே காசுக்குப் பலன் உண்டு. கதை சொல்லும் பெரிய கேம்களுக்கு 240க்கும் 360க்கும் வித்தியாசம் தேடுவது வீண். 4கேவுக்கு ஆசைப்பட்டால் இன்னும் மோசம். 1440பி திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல்கள், 4கேவில் சுமார் 83 லட்சம். கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டே கால் மடங்கு வேலை. மானிட்டர் வாங்கிய கையோடு கார்டும் வாங்க வேண்டிவரும், அதன் விலையைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்ப விரும்பவில்லை.

பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்கள் கவனிக்க ஒன்றே ஒன்று: அது 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அதற்கு மட்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.1 என்ற கேபிள் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும், 480 ஹெர்ட்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கேம் ஓடும்போது ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். திரையும் அதற்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதைத்தான் விஆர்ஆர் என்கிறார்கள். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்று பெட்டியில் போட்டிருப்பதும் இதையே. நல்ல வசதிதான். ஆனால் ஓஎல்இடியில் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஃபிரேம் வேகம் சட்டென்று தாவும்போது இருண்ட சாம்பல் பகுதிகள் லேசாகத் துடிக்கும், ஸ்டார்ட்டர் கெடப்போகும் டியூப்லைட் மாதிரி. கேம் லோடாகும் திரையிலும் மெனுவிலும் அதிகம் தெரியும். எனக்கு முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, கேமில் ஃபிரேமுக்கு ஓர் உச்சவரம்பு வைத்தபின் பெருமளவு அடங்கிவிட்டது. சிலருக்கு இது கண்ணிலேயே படாது, சிலருக்குத் தலைவலி வரும். வாங்குவதற்கு முன் நண்பர் வீட்டில் அரை மணி நேரம் விளையாடிப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

இப்போது அந்த 1000 நிட்ஸ். விளம்பரத்தில் அதிகம் ஏமாற வாய்ப்புள்ள எண் இதுதான்.

தென்னந்தோப்பில் மோட்டார் போட்டு ஒரு கேட் வால்வை மட்டும் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். நாலு வால்வையும் திறந்துவிட்டால் நாலிலும் நூல் மாதிரி ஒழுகும். மோட்டார் அதேதான், அதன் சக்தி பங்கு போகிறது. ஓஎல்இடியும் அப்படித்தான். எல்லாப் பிக்சலையும் முழு வேகத்தில் எரிக்க முடியாது, சூடாகும், சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் திரையில் வெள்ளைப் பரப்பு கூடக் கூடப் பிரகாசத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். 1000 நிட்ஸ் கிடைப்பது திரையில் இரண்டு மூன்று சதவீத இடத்தில் மட்டும். இருண்ட குகையில் ஒரு தீப்பந்தம், ராத்திரி வானில் நிலா, அந்த அளவுக்கு. திரை முழுக்க வெள்ளை என்றால் பெரும்பாலான மாடல்களில் 250 நிட்ஸ் அளவில் நின்றுவிடும். பனிமலைக் காட்சியும் எக்செல் ஷீட்டும் அந்த 250இல்தான்.

எச்டிஆர், அதாவது இருட்டையும் வெளிச்சத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை, அதைப் போட்டு விளையாடும்போது மெனுவில் பெரும்பாலும் இரண்டு வழி இருக்கும். ஒன்று ட்ரூ பிளாக் 400, இன்னொன்று பீக் 1000. பெரிய எண்ணைப் பார்த்ததும் எல்லாரும் இரண்டாவதைத்தான் போடுவார்கள், நானும் போட்டேன். தீப்பந்தம் ஜொலித்தது. குகையை விட்டு வெளியே வெயிலுக்கு வந்ததும் திரை மொத்தமும் ஒரு மேகம் மூடியது மாதிரி மங்கியது. ட்ரூ பிளாக் 400இல் உச்சம் குறைவு, ஆனால் பிரகாசம் ஒரே சீராக இருக்கும். என் கணக்கில் இருட்டான கேமுக்குப் பீக் 1000, வெளிச்சமான கேமுக்கு ட்ரூ பிளாக். மாடலுக்கு மாடல் இது மாறும், இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

எழுத்து. கேம் மட்டும் விளையாடப் போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஆனால் யாரும் கேம் மட்டும் விளையாடுவதில்லை. விண்டோஸ், ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் வரிசையாக நிற்கின்றன என்று நினைத்துக்கொண்டு எழுத்தின் விளிம்பை மழுப்புகிறது. பெரும்பாலான ஓஎல்இடி திரைகளில் அந்த வரிசை வேறு. க்யூடியில் மூன்றும் முக்கோணமாக நிற்கின்றன, டபிள்யூவில் கூடவே ஒரு வெள்ளையும் உண்டு. அதனால் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கோடு தெரியும். க்யூடி திரையில் கறுப்பு எழுத்தை உற்றுப் பார்த்தால் ஓர் ஓரத்தில் பச்சையும் எதிர் ஓரத்தில் மெஜந்தாவும் படிந்திருக்கும். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இது கூடுதலாக உறுத்துகிறது என்பது என் அனுபவம். நம் எழுத்து சுழித்துச் சுழித்துப் போகிறது. சின்ன எழுத்தளவில் 'ண'வின் மூன்று சுழிக்குள்ளும் வண்ணம் கசிந்தால் 'ன'வா 'ண'வா என்று தடுமாறும், 'ஞ' ஒரு பொட்டலம் ஆகிவிடும், புள்ளி காணாமல் போகும். 27 இன்ச் 1440பி திரையில் ஓர் இன்ச்சுக்குச் சுமார் 110 பிக்சல்கள்தான், அதில் இது தெரியும். 32 இன்ச் 4கேவில் சுமார் 140, பரவாயில்லை. 27 இன்ச் 4கேவில் 160ஐத் தாண்டுவதால் வழக்கமான தூரத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவதே இல்லை. கடைக்குப் போகும்போது போனில் ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தையும் எடுத்துப் போங்கள். மீனும் பூவும் இதைக் காட்டிக்கொடுக்காது.

எல்லாரும் பயப்படும் பர்ன்-இன் விஷயத்துக்கு வருகிறேன். நோம்பி சீரியல் லைட்டையே மறுபடி எடுத்துக்கொள்வோம். பத்து நாளும் ராத்திரி முழுக்க எரிந்த பல்பும், எப்போதாவது மட்டும் எரிந்த பல்பும் கடைசியில் ஒரே அளவில் எரியாது. அதிகம் எரிந்தது மங்கிப்போயிருக்கும். ஓஎல்இடி பிக்சலும் எரிய எரியத் தேயும், அதிலும் நீலம் சீக்கிரம். திரை முழுக்க ஒரே சீராகத் தேய்ந்தால் நமக்குத் தெரியாது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் ஒரே வெள்ளைப் பட்டையை வைத்திருந்தால், அந்த இடம் மட்டும் தேய்ந்து நிழலாக நின்றுவிடும். அதுதான் பர்ன்-இன். விண்டோஸின் டாஸ்க்பார், டிசைன் சாஃப்ட்வேரின் டூல்பார், கேமில் எப்போதும் ஓரத்தில் நிற்கும் வரைபடம் இவையெல்லாம் ஆபத்தான ஆட்கள். நாளெல்லாம் எக்செல், ராத்திரி ஒரு மணி நேரம் கேம் என்பவருக்கு ஓஎல்இடியை நான் சொல்ல மாட்டேன். நானே பகல் வேலைக்குப் பழைய ஐபிஎஸ் திரையைத்தான் வைத்திருக்கிறேன்.

திரைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சில வேலைகள் செய்கின்றன. படத்தை அவ்வப்போது ஓரிரு பிக்சல் நகர்த்தும். அசையாமல் நிற்கும் லோகோவை மங்கச் செய்யும். முக்கியமானது, நாலு மணி நேரம் போல ஓடிய பிறகு, நாம் மானிட்டரை அணைத்ததும், சில நிமிடங்கள் தனக்குள்ளேயே பிக்சல்களைச் சரிபார்த்துச் சமன்படுத்தும். பிக்சல் ரெஃப்ரெஷ், பேனல் கேர் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, ராத்திரி படுக்கப் போகும்முன் எல்லா ஸ்விட்ச்சையும் சுவரில் அணைப்பது. அம்மா ரூம் ரூமாகப் போய், "மெஷின் எல்லாம் சிவப்பா கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்குது சாமி, கரண்டு பில் யாரு கட்றது" என்று ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் போவார். நானும் அதே பழக்கத்தில் வளர்ந்தவன். வாங்கி மூன்று மாதம், மானிட்டர் பட்டனை அழுத்திய அடுத்த விநாடி சுவர் ஸ்விட்ச்சும் அணைந்துவிடும். சமன்படுத்தும் வேலை ஒருநாளும் ஒழுங்காக முடியவே இல்லை. ஒருநாள் கேமில் சாம்பல் நிற மூடுபனிக் காட்சி வந்தபோது, திரையின் அடியில் டாஸ்க்பாரின் நிழல் ஒரு கோடாகத் தெரிந்தது. நெஞ்சு திக்கென்றது. விற்ற கடைக்குப் போன் செய்தால், "அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். பிறகு கையேட்டைப் பொறுமையாகப் படித்து, ஸ்விட்ச்சை அணைக்காமல் விட்டு, மெனுவில் போய் அந்த வேலையை நானே ஓட விட்டேன். பெரும்பாலும் மறைந்துவிட்டது. முழுக்கச் சாம்பல் படம் போட்டு, எங்கே என்று தெரிந்து தேடினால் இன்றைக்கும் லேசாகத் தெரிகிறது.

ஆகவே மானிட்டருக்கான ஸ்விட்ச் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 மணிக்குக் கரண்டு போகும் நாளில் பிரச்சினை இல்லை. முந்தின ராத்திரி அந்த வேலை முடிந்திருக்கும். பாதியில் கரண்டு போனாலும் ஒன்றும் ஆகாது, அடுத்த முறை மறுபடி செய்துகொள்ளும். தினமும் அணைப்பதுதான் கூடாது. டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைப்பது, கறுப்புப் பின்னணி, சும்மா இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் திரை அணைவது, இவ்வளவு செய்தால் போதும். இதற்குமேல் பயந்துகொண்டு விளையாடுவது என்றால் வாங்காமலே இருக்கலாம்.

வாரண்டி கேட்கும்போது "எத்தனை வருடம்" என்று மட்டும் கேட்காதீர்கள். "பர்ன்-இன் வந்தால் மாற்றித் தருவீர்களா, அது இந்தியாவில் விற்கும் இந்த மாடலுக்கு எழுத்தில் இருக்கிறதா" என்று கேளுங்கள். வெளிநாட்டு விமர்சனத்தில் மூன்று வருடம் என்று சொல்வதை நம்பி வாங்க முடியாது. எழுத்தில் இல்லாதது வாரண்டி அல்ல.

கேபிள் பற்றி இரண்டு வரி. 4கே 240 ஹெர்ட்ஸ் படத்தை அப்படியே அனுப்பச் செகண்டுக்குச் சுமார் 60 ஜிகாபிட் வேண்டும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4இல் அவ்வளவு இடம் இல்லை, அதனால் டிஎஸ்சி என்ற சுருக்கும் முறையில் அனுப்புகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. டிஸ்ப்ளேபோர்ட் 2.1 இருந்தால் நல்லது, அதற்காக மட்டும் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேண்டாங்கிறீங்களா மாமா?" என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில்தான் விளையாடப் போகிறான் என்றால், அதே காசுக்கோ குறைவாகவோ ஒரு நல்ல மினி எல்இடி கிடைக்கும். அது எல்சிடிதான். ஆனால் பின்விளக்கை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, இருண்ட இடங்களில் மட்டும் மங்கச் செய்யும். பிரகாசம் தாராளம், பர்ன்-இன் கவலை இல்லை. கறுப்பு வானத்தில் நட்சத்திரத்தைச் சுற்றி லேசான புகை மாதிரி ஒளி தெரியும், அதுதான் குறை. விளக்கணைத்து, ராத்திரியில், பேய்க் கேமோ விண்வெளிக் கேமோ விளையாடுகிறவனுக்கு ஓஎல்இடிக்கு ஈடு இன்றைக்கு வேறில்லை. முதல் நாள் ராத்திரி என் அறையில் விளக்கணைத்து, ஒரு விண்வெளிக் காட்சியைப் போட்டபோது, திரையின் விளிம்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நாலைந்து நட்சத்திரம் மட்டும் மேசைமேல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சிக்காகத்தான் இவ்வளவு காசு.

வாங்கினால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லி வைத்தேன். விளக்கணைத்துவிட்டு முழுச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என ஒவ்வொன்றாகப் போட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கறுப்புக்கு அடுத்தபடியான மிக இருண்ட சாம்பல். புது ஓஎல்இடியில் அதில் நெடுக்குக் கோடுகள் லேசாகத் தெரிவது சகஜம், சில நாள் ஓடினால் குறையும். கேம் விளையாடும்போதே கண்ணில் பட்டால் மட்டும் மாற்றக் கேட்க வேண்டும். டெஸ்ட் யூஎஃப்ஓ என்ற இணையப் பக்கத்தில் ஓடும் பறக்கும் தட்டைப் பார்த்தால் 60, 120, 240 வித்தியாசம் ஒரே பார்வையில் புரிந்துவிடும். திருப்பித் தரும் நாள் முடியும்வரை பெட்டியையும் தெர்மகோலையும் அட்டாலியில் பத்திரமாக வைக்க வேண்டும், அக்கா அதற்குள் தேங்காய் போட்டு வைத்துவிடாமல்.

நேற்று மறுபடி ஒரு படம் அனுப்பியிருந்தான். மானிட்டர் இன்னும் வாங்கவில்லை. மேசையை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றியிருக்கிறான். அளவு டேப்பை மேசைமேல் விரித்து வைத்திருக்கிறான், ஆழம் இரண்டடி, 32 இன்ச் வைத்தால் மூக்கில் இடிக்கும். ஜன்னல் கம்பியில் கெட்டியான கறுப்புத் துணி ஒன்று தொங்குகிறது. இன்னும் ஓரம் அடிக்கவில்லை.